டீமேக்கர் வீட்டுப் புகை

முதல் கரண்டியை வாயருகே கொண்டுபோனதும் என் வீட்டுக்காரர் உறிஞ்சினார்.

சும்மா உறிஞ்சவில்லை. ஏலத்துக்குப் போகிற டீயை ருசி பார்க்கிறவர்கள், கரண்டியிலிருந்து காற்றோடு சேர்த்துச் சர்ரென்று இழுப்பார்கள். அந்த இழுப்பு. குன்னூரில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகளும், மடித்து நிறுத்திய கைத்துடைப்பான்களும் இருந்த ஹோட்டல் அது. பக்கத்து மேஜைக் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மிதித்தது அவருக்குத் தெரியவே இல்லை.

"புகை அடிச்சிருக்குதுங்க," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "ரிஜெக்ட்."

பரிமாறுகிற பையன் பயந்துபோனான். தட்டில் இருந்தது டீ இல்லை, சாலட். லெட்டூஸ் இலை, காரட், முள்ளங்கி எல்லாம் போட்டு, மேலே மினுமினுவென்று செம்பழுப்பாக ஒரு சாறு ஊற்றியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் இலையை எல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, அடியில் தேங்கிய சாற்றை மட்டும் எடுத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த பங்களாம்மா வாய்விட்டுச் சிரித்தார். "டீமேக்கர், அந்தப் புகைக்காகத்தான் இந்த ஹோட்டலுக்குக் கூட்டமே வருது!"

நானும் ஒரு வாய் எடுத்தேன். முதலில் இனிப்பு. பின்னால் மெல்லிய புளிப்பு. இரண்டும் போனபிறகு தொண்டை ஓரத்தில், விறகடுப்பு இருக்கிற வீட்டைக் கடந்து போனமாதிரி ஒரு வாசனை. இனிப்புக்குள் புகையை எப்படி நுழைத்தார்கள்? நான் எந்தப் பலகாரத்தையும் தின்றுவிட்டு நகர்கிறவள் இல்லை. பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. அன்றைக்கு அந்தக் கேள்வியோடு எங்கள் குடித்தனமும் சேர்ந்துகொண்டது.

தேயிலை விழுந்த வருஷங்கள்

பங்களாம்மா எங்கள் எஸ்டேட்டின் முதலாளி. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே, சாலையிலிருந்து கொஞ்சம் இறங்கிப் போனால் அவருடைய தோட்டம், ஃபாக்டரி, அதற்கு மேலே பழைய பங்களா. என் வீட்டுக்காரர் பழனிசாமி அந்த ஃபாக்டரியில் டீமேக்கர். இலை வந்து இறங்குவதிலிருந்து தூள் மூட்டையாகப் போகும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஃபாக்டரிக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையலறையுமாக ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அதுதான் எங்கள் வீடு.

தேயிலை விலை விழுந்துகொண்டே போன காலம் அது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சிறு தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டார்கள். இடுப்பளவு செடியெல்லாம் மரமாக வளர்ந்து நின்றது. திருப்பூர் பஸ்ஸில் டிரங்குப் பெட்டியோடு ஏறுகிறவர்களைப் பார்க்காத நாளில்லை. எங்கள் ஃபாக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு ஒருநாள் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. சங்குச் சத்தம் இல்லாதது பழகிவிட்டது. காலையில் ஜன்னலைத் திறந்தால் காற்றில் டீ வாசனை இல்லாததுதான் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

பங்களாம்மா கெட்டிக்காரி. பங்களாவை வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற இடமாக மாற்ற முடிவு செய்தார். அன்றைக்கு ஹோட்டலில் எங்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்.

"வர்றவங்க இந்த ஹோட்டல் சாலட்டைப் பத்தித்தான் பேசறாங்க. இதே ருசி நம்ம பங்களாவிலயும் கிடைக்கணும். சரோஜா, உன் கைச் சமையல் எனக்குத் தெரியும். இதை நீ கொண்டுவந்துட்டா, பங்களா சமையல் உன்னோடது. குவார்ட்டர்ஸும் உங்களுக்கே. முடியலைன்னா பெங்களூர்ல இருந்து ஒருத்தரை வரச்சொல்லணும். அவருக்கு வீடு வேணும். எங்கிட்ட இருக்கற வீடு அது ஒண்ணுதான்."

கோபமாகச் சொல்லவில்லை, மறைக்காமல் சொன்னார். அதனால் அவர்மேல் எனக்கு வருத்தம் வரவில்லை, பயம்தான் வந்தது. திருப்பூரில் என் கொழுந்தனார் மாடி அறையைக் காலி செய்து வெள்ளையடித்தே வைத்திருந்தார். அண்ணனுக்குப் பனியன் கம்பெனியில் கணக்கு வேலை சொல்லியும் வைத்திருந்தார். நல்ல மனிதர். ஆனாலும் எனக்குப் போக இஷ்டமே இல்லை. அடுத்தவர் மாடியில், அடுத்தவர் சாவியில் வாழ எனக்கு வராது. மூக்கை வைத்துப் பிழைத்த மனுஷனைச் சாயப்பட்டறை வாடையில் கொண்டுபோய் உட்காரவைக்கவும் மனசில்லை.

மல்லிகைப்பூவும் ஃபாக்டரி கேட்டும்

அந்த மூக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

கல்யாணமாகி அன்னூரிலிருந்து மலைக்கு வந்த புதிது. தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஃபாக்டரிக்குப் போனேன். புதுப்பெண்டாட்டி வருகிறாள், ஓடி வருவார் என்று நினைப்பு. ஓடித்தான் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே கையை நீட்டி நிறுத்தினார்.

"பூவோட உள்ள வராத புள்ள. டீ வாடையப் புடிச்சுக்கும்."

அன்றைக்கு நான் அழுதேன். பிறகுதான் தெரிந்தது, காய்ந்த டீத்தூள் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று. பூ, சோப்பு, பீடி எதுவும் ஆகாது. எல்லாவற்றிலும் பெரிய சத்துரு புகை. டீயை உலர்த்துகிற சூடான காற்று விறகு உலையிலிருந்துதான் வரும். உலைக்குள் ஒரு குழாயில் கீறல் விழுந்தால் போதும், புகை காற்றில் கலந்து மொத்தத் தூளும் போய்விடும். ஒருமுறை அப்படிப் போய், குன்னூர் ஏலத்திலிருந்து தள்ளுபடியாகி வந்தது. மனிதர் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேறியிருப்பார்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் மிளகாய் வறுப்பது என்றால் அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான். அவர் அகராதியில் உச்சபட்சப் பாராட்டு ஒரே ஒரு சொல். "சுத்தமா இருக்குது." நல்ல டீயையும் அப்படித்தான் சொல்வார், என் ரசத்தையும் அப்படித்தான் சொல்வார். ஒருமுறை என்னையே அப்படிச் சொன்னார். அது வேறு கதை.

இனிப்பு வந்தது, புகை வரவில்லை

இனிப்பும் புளிப்பும் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டன. வெல்லத்தில் செய்தேன், பாயசம்போல் இருந்தது. பேரீச்சை அரைத்தேன், திப்பிதிப்பியாக நின்றது. கொல்லையில் மரத்தக்காளி பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முட்டை வடிவத்தில், கருஞ்சிவப்பாக, நம் தக்காளியைவிடப் புளிப்பாக இருக்கும். அதைச் சுட்டு, தோலை உரித்து, விதையை வடித்துத் தேனோடு குழைத்தேன். நாலு பல் பூண்டு, மிளகு, உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. நல்லெண்ணெய் ஊற்றினால் அதன் வாசனை முந்திக்கொண்டு வந்தது, அதனால் கடலை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தேன். நிறம்கூட அப்படியே வந்துவிட்டது.

புகைதான் வரவில்லை.

கேஸ் அடுப்பில் சுட்டால் கேஸ் வாடைதான் வந்தது. வரமிளகாயைக் கருக்கிப் போட்டேன், தெருவே இருமியது. கரித்துண்டில் நெய் விட்டு மூடி வைத்தேன். திறந்தால் கல்யாண வீட்டுப் பிரியாணி வாசனை அடித்தது.

தோட்டத் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த லெச்சுமி ஒரு யோசனையோடு வந்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் திரும்பி வந்தவள், எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஃபாக்டரி நின்றபிறகு ஊட்டிக்கு அப்பால் எமரால்டில் காய்கறித் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் பரீட்சைகளுக்கு லெட்டூஸ் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான்.

"சரோசாக்கா, இனிப்பும் பொகையும் ஒன்னா வேணும்னா சீனிச் சம்பல்தான். எங்க அம்மா செய்வாங்க. வெங்காயத்த நல்லா வதக்கி, சீனி போட்டு, மாசிய இடிச்சுப் போட்டா அந்த வாசன தானா வரும்."

மாசி என்பது புகைபோட்டுக் காயவைத்த மீன். செய்தும் கொடுத்தாள். அப்படி ஒரு ருசி! ரொட்டியில் தடவி இரண்டு பேரும் நின்றுகொண்டே தீர்த்தோம். ஆனால் பங்களாவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சைவம். சாலட்டில் மீனைப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க முடியாது.

அடுத்தது விறகு. கொல்லையில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். முதலில் கையில் அகப்பட்டது கற்பூரமர விறகு. எங்கள் மலையில் தைல மரத்துக்கு அதுதான் பெயர். அந்தத் தணலில் சுட்ட மரத்தக்காளி, சளிக்குத் தடவுகிற களிம்பு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் தேயிலையைக் கவாத்து வெட்டிப் போட்ட காய்ந்த குச்சிகளைப் பொறுக்கிவந்து மூட்டினேன். தணலில் பழத்தைப் போட்டு, மேலே சட்டியைக் கவிழ்த்து மூடினேன்.

சாற்றைக் கலந்து அவரிடம் நீட்டினேன். சர்ரென்று உறிஞ்சினார். முகம் கோணியது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"புகை. கொட்டிரு புள்ள."

கொட்டிவிட்டேன். அதே சாம்பலிலேயே.

பிறகு அடுப்பை மாற்றி, பழத்தை ஆவியில் வேகவைத்து ஒன்று செய்தேன். அதை ருசி பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இது சுத்தமா இருக்குது. இதுதான், பங்களாவுக்குக் கொண்டுபோ."

பங்களாப் படியிலிருந்து இறங்கும்போது

பங்களாம்மா விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு சரோஜா. ஆனா தக்காளிச் சட்னி மாதிரி இருக்கு. அந்தப் புகை எங்கே?"

கொண்டுபோன பாட்டிலை மூடினேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை என் சிநேகிதிங்க சாப்பிட வர்றாங்க. அன்னைக்கு மேஜைல வெச்சுடு. அதுவரைக்கும் பெங்களூர்க்காரருக்குப் பதில் சொல்லாம வெச்சிருக்கேன்."

பாட்டிலை முந்தானையில் மறைத்துக்கொண்டு இறங்கினேன். திருப்பூர் மாடி அறையின் வெள்ளையடித்த சுவர் கண்முன்னால் நின்றது. சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி வளைவு திரும்பும்போதுதான் சட்டென்று புத்தியில் பட்டது.

நான் யாரிடம் தீர்ப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்? இந்த மலையிலேயே புகையை மோப்பம் பிடித்துத் தள்ளுவதற்காகச் சம்பளம் வாங்கியவரிடம்! அவர் எதைத் துப்பினாரோ அதுதான் சரியானது. அதைத்தான் நான் சாம்பலில் கொட்டினேன். டீமேக்கரைக் கட்டிக்கொண்டவளைத் தவிர வேறு எவளும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். நடுரோட்டில் நின்று தனியாகச் சிரித்தேன். மேலே போன பஸ்ஸில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். "ஏனுங்க, நீங்க மூஞ்சியச் சுளிக்கறதுதானுங்க அளவு. இனிமே நான் அதையே பாத்துப் பண்ணிக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஃபாக்டரி நின்றபிறகும் தினமும் காலையில் போய், ஓடாத மிஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு வருகிற மனிதர் அவர்.

"இத்தன வருசமா எத உள்ள வுடாமப் பாத்துட்டனோ, அதையே இப்ப ஊத்திக் குடுக்கச் சொல்றியா?"

"ஊட்டுக்காகத்தானுங்க," என்றேன்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

இட்லிப் பானை

மறுநாள் விடிந்ததும் ஃபாக்டரியிலிருந்து ஒரு சின்னத் தகரடப்பாவோடு வந்தார். ஒவ்வொரு நாள் டீயிலும் கொஞ்சம் மாதிரிக்கு எடுத்துவைப்பது வழக்கம். இது ஃபாக்டரி நின்ற அன்றைக்குக் கடைசியாக ஓட்டிய டீ. அவர் போட்டதிலேயே நல்ல டீ என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தது.

"பழத்துல புகை தங்காது புள்ள. தோல உரிச்சா பாதி போயிரும். டீ மாதிரி வாடையப் புடிக்கறது வேற ஒண்ணுமே கெடையாது. இதுல புடிச்சுத்தான் அதுல எறக்கோணும்."

"இந்த டீயையா? மட்டமான தூள் இருக்குதுங்களே."

"மட்டத்துல போட்டா மட்டந்தான் முன்னால வரும்."

பழைய இட்லிப் பானை ஒன்றைப் பலி கொடுத்தோம். அடியில் கவாத்துக் குச்சித் தணல். நடுவில் இட்லித் தட்டு, அதன்மேல் துணி, துணியில் அந்த டீயைப் பரப்பி மூடினார். குச்சி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தார். மூடி ஓரத்தில் வருகிற புகையைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளையாக வந்தால் கசக்குமாம். மூடியைத் தூக்கி, தணலைத் தட்டிவிட்டு, நூல்போல நீலமாக வரும்வரை காத்திருந்து மறுபடி மூடினார். உலைக்கூண்டின் புகைபோக்கியை இத்தனை வருஷம் அண்ணாந்து பார்த்த பார்வை அது. தன் கையால் போட்ட நல்ல டீயைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. இதற்குமேல் ஒருவர் எனக்காக என்ன செய்ய முடியும் என்றும் இருந்தது.

அந்த டீயைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் மட்டும் ஊறவைத்து, துவர்ப்பு இறங்குவதற்குள் வடித்தோம். வடித்ததை நாட்டுச் சர்க்கரை போட்டுப் பாகாகச் சுண்டவைத்தேன். ஆறியபிறகு தேன், மரத்தக்காளி விழுது, பூண்டு, மிளகு, எலுமிச்சை, கடைசியில் எண்ணெய். கரண்டியில் எடுத்து அவரிடம் நீட்டவில்லை. நானே நக்கிப் பார்த்தேன். இனிப்பு, பிறகு புளிப்பு, பிறகு தொண்டை ஓரத்தில் அந்த விறகடுப்பு வீடு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை

பங்களாவின் நீள மேஜையில் பங்களாம்மாவும் சிநேகிதிகளும். லெச்சுமி கொண்டுவந்த லெட்டூஸைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மொடமொடவென்று எடுத்து, சாற்றை ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் ஜாடியோடு சுவரோரம் நின்றார்.

பங்களாம்மா ஒரு வாய் சாப்பிட்டார். நெற்றி சுருங்கியது.

"அந்த ஹோட்டல் மாதிரி இல்லையே சரோஜா."

அவர் இன்னொரு வாய் எடுத்தார். பிறகு இன்னொன்று. சிநேகிதிகள் ஒன்றும் சொல்லாமல் தின்றுகொண்டே இருந்தார்கள். அதை அப்போது கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

"டீமேக்கர், நீங்க வாங்க. அன்னைக்கு ரிஜெக்ட் பண்ணினீங்களே, இதையும் பார்த்துச் சொல்லுங்க."

ஜாடியை வைத்துவிட்டு வந்தார். அதுவரை அவர் அதை வாயில் வைக்கவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கரண்டியில் சாற்றை எடுத்தார். அந்தப் பெரிய கூடமே கேட்கும்படி சர்ரென்று இழுத்தார். கண்ணை மூடினார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"புகை இருக்குதுங்க," என்றார்.

கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆனா சுத்தமான புகைங்க. ஹோட்டல்ல இருந்தது வேற. இது வெறகுல புடிச்சது, டீயில வந்தது. தப்பு சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க."

பங்களாம்மா அவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தட்டு காலியாக இருந்தது. "பெங்களூர்க்காரருக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்," என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த ஹோட்டலில் சமைத்தவரை வெகுநாள் கழித்து ஒரு கல்யாணத்தில் சந்தித்தேன். இத்தனை நாள் மண்டையைக் குடைந்த கேள்வியைக் கேட்டேன். புகை எப்படிங்க வந்தது? அவர் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார். புகை வாசனை திரவமாகவே பாட்டிலில் வருமாம். மூடியைத் திறந்து ஊற்றினால் போதுமாம். எனக்கு வந்த சிரிப்பில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தைக் கொட்டிக்கொண்டார்.

இப்போதும் அதே கதவு

பிற்பாடு விலை கொஞ்சம் தேறியது. ஃபாக்டரியில் மறுபடி உலை மூட்டினார்கள், சங்கு ஊதியது, அவர் டீமேக்கராகத் திரும்பிப் போனார். காலையில் ஜன்னலைத் திறந்தால் டீ வாசனை வந்தது. நான் பங்களாச் சமையலில் தொடர்ந்தேன். ஒரே வீட்டில் ஒருவர் புகையைத் துரத்துகிறவர், ஒருத்தி புகையைப் பிடிக்கிறவள். என் பங்களாச் சேலைக்குக் கொல்லையில் தனிக் கொடி கட்டினார். அவர் சட்டையோடு அது ஒட்டவே கூடாது.

சாயங்காலம் நான் வருவது அவருக்குத் தெரிந்துவிடும். கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து, "வந்துட்டியா புள்ள?" என்று குரல் வரும். தாழ்ப்பாள் விலகும். காலடிச் சத்தம் கேட்டுத்தான் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பங்களாவில் யாரும் தங்கவில்லை. அடுப்பு மூட்டவில்லை, இட்லிப் பானையைத் தொடவில்லை. பாத்திரங்களை மட்டும் துலக்கி வைத்துவிட்டு வந்தேன். வாசலில் நின்றேன். குரல் வரவில்லை. முதல்முறையாக என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூக்கை இரண்டுமுறை இழுத்தார். முகம் வாடிப்போனது.

"என்ன புள்ள," என்றார். "இன்னிக்கு இத்தன சுத்தமா வந்திருக்கற?"